கெட்டி ஸ்லட்ஜுக்கு ஏர் டயாஃப்ரம் பம்ப்: ஏரைக் கூட்டினால் ஃப்ளோ குறையுது, டயாஃப்ரமும் சீக்கிரம் கிழியுது

கேள்வி | ஷிப்ட்_ஆபரேட்டர்

வணக்கம். ராணிப்பேட்டை பக்கம் ஒரு தோல் பதனிடும் யூனிட்டின் கழிவுநீர் பிளான்ட். திக்கனர் (கழிவைக் கெட்டியாக்கும் தொட்டி) அடியில் வரும் ஸ்லட்ஜை, அதாவது கெட்டிச் சேற்றை, ஃபில்டர் பிரஸ்ஸுக்கு (துணி போட்ட தட்டுகளுக்கு நடுவே ஸ்லட்ஜை அழுத்தித் தண்ணியை வடிக்கும் மெஷின்) ஏற்ற, காற்றில் ஓடும் டபுள் டயாஃப்ரம் பம்ப் (ரெண்டு ரப்பர் சவ்வைக் காற்று மாறி மாறித் தள்ளி ஓட்டும் பம்ப்) வைத்திருக்கிறோம். விவரம் கீழே:

2 இன்ச் பம்ப், அலுமினியம் பாடி, பால் (உருண்டை) வால்வ் டைப், நைட்ரைல் ரப்பர் டயாஃப்ரம். ஸ்லட்ஜ் 4 சதவீதம் சாலிட்ஸ், சில நாள் 5 வரை போகும். சுண்ணாம்பு, கொஞ்சம் முடி, ஜவ்வு எல்லாம் கலந்து வரும். ஸ்லட்ஜ் குழி தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் பம்ப் மேலே, சக்‌ஷன் (இழுக்கும் பக்கம்) உயரம் இரண்டரை மீட்டர். சக்‌ஷனுக்கு 2 இன்ச் பச்சை ஹோஸ் 6 மீட்டர். பிரஸ் 800க்கு 800, 30 சேம்பர், 32 மி.மீ. கேக் (தண்ணி வடிந்த ஸ்லட்ஜ் கட்டி). கம்ப்ரஸர் 15 ஹெச்பி. அங்கிருந்து பம்புக்கு 12 மி.மீ. பியூ (பாலியூரித்தேன்) டியூப் 25 மீட்டர். எஃப்ஆர்எல்-இல் (ஏர் ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் செட்) அழுத்தம் 6 கேஜி (சதுர செ.மீ.க்கு கிலோ) காட்டுது.

பிரச்சினை மூணு. ஏர் வால்வை முழுசா திறந்தால் பம்ப் படபடன்னு ஓடுது, ஆனா பிரஸ் நிரம்ப ரொம்ப நேரம் ஆகுது. இருபது நிமிஷத்தில் மஃப்ளரில் (காற்று வெளியேறும் இடத்தில் சத்தம் குறைக்கும் பாகம்) வெள்ளையா ஐஸ் கட்டி நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டால் தானா ஓடும். டயாஃப்ரம் மூணு வாரம்கூட தாங்குறதில்லை, நடுத் தட்டைச் சுத்தி வட்டமா கிழியுது. "3 இன்ச் பம்ப் போடுங்க" என்று சப்ளையர் சொல்றார். வாங்கலாமா?

பதில் 1 | ஸ்லரி_சார்

3 இன்ச் வேண்டாம். சக்‌ஷனைத் திருத்தாமல் பெரிய பம்ப் போட்டால் இதே வியாதி பெரிய அளவில் வரும், டயாஃப்ரம் செட்டுக்கும் கூடுதலாகச் செலவழிப்பீர்கள்.

முதலில் உங்களுக்கு எவ்வளவு ஃப்ளோ வேண்டும் என்று பாருங்கள். உங்கள் பிரஸ்ஸில் 30 சேம்பர் சேர்த்துச் சுமார் 450 லிட்டர் கேக் பிடிக்கும். கேக்கில் 30 சதவீதம் சாலிட்ஸ், அடர்த்தி 1.2 என்று வைத்தால் காய்ந்த எடை 160 கிலோ. 4 சதவீத ஸ்லட்ஜில் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ. அப்படியானால் ஒரு பேட்ச்சுக்கு 4 கன மீட்டர் ஏற்றினால் போதும். இரண்டரை மணி நேரத்தில் ஏற்றினாலும் சராசரி மணிக்கு 1.6 கன மீட்டர்தான். நல்ல 2 இன்ச் பம்ப் தண்ணீரில் மணிக்கு 30 கன மீட்டருக்கு மேல் தள்ளும். பம்பின் அளவு போதாமல் போகவில்லை.

குறை எங்கே என்றால், காற்றழுத்தம் ஸ்லட்ஜைத் தள்ளத்தான் உதவும், இழுக்க உதவாது. டயாஃப்ரம் பின்வாங்கும்போது சேம்பரை நிரப்புவது வெளியில் இருக்கும் வளிமண்டல அழுத்தம் மட்டுமே, அதாவது அதிகபட்சம் 1 கேஜி. அதில் இரண்டரை மீட்டர் உயரம் கால் கேஜியைத் தின்றுவிடும். மீதியை 6 மீட்டர் ஹோஸின் உராய்வு தின்னும். ஸ்லட்ஜ் கெட்டி ஆக ஆக, வேகம் கூடக் கூட, உராய்வும் ஏறும். நீங்கள் ஏரைத் திறக்கத் திறக்க ஸ்ட்ரோக் எண்ணிக்கை ஏறும், ஆனால் சேம்பர் அரைகுறையாக நிரம்பும். பாதி காலியான சேம்பருக்குள் டயாஃப்ரம் சாட்டை மாதிரி அடித்துத் திரும்பும். நடுத் தட்டின் விளிம்பில்தான் அந்த அடி மடிப்பாக விழும். உங்கள் கிழிசல் வட்டமாக இருப்பதும் அதனால்தான். கெமிக்கல் பாதிப்பு என்றால் ரப்பர் முழுவதும் வீங்கியோ, வழவழத்தோ, வெடித்தோ இருக்கும்.

நம்பாவிட்டால் அளந்து பாருங்கள். டிஸ்சார்ஜை (வெளியே தள்ளும் லைனை) 200 லிட்டர் டிரம்முக்குத் திருப்பி, நிரம்ப எத்தனை சைக்கிள் என்று எண்ணுங்கள். இரண்டு பக்கமும் ஒருமுறை போய் வந்தால் ஒரு சைக்கிள். மஃப்ளரில் இரண்டு 'புஸ்' சேர்ந்தது ஒன்று. முதலில் தண்ணீரில் மெதுவாக ஓட்டி எண்ணுங்கள். பிறகு ஸ்லட்ஜில், வால்வை முழுசா திறந்து ஒருமுறை, நிமிடத்துக்கு 25 சைக்கிளாகக் குறைத்து ஒருமுறை.

வேகத்தைக் குறைக்க ரெகுலேட்டரைத் திருகாதீர்கள். ரெகுலேட்டர் வேலை எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு எதிர்ப்புக்கு எதிராகத் தள்ளுவது என்பது. வேகத்துக்கு அதற்குப் பின்னால் ஒரு நீடில் வால்வ் (காற்றின் அளவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் வால்வ்) வேண்டும். இரண்டையும் ஒரே வால்வில் செய்யப் போனால் பிரஸ் நிரம்பும் நேரத்தில் பம்ப் நின்றுவிடும். சக்‌ஷன் பைப்பில் வால்வை மூடி ஃப்ளோவைக் குறைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், டயாஃப்ரமைக் கொல்ல அதைவிடச் சுலப வழி கிடையாது.

பதில் 2 | கம்ப்ரஸர்_ரூம்

ஏர் பக்கம் நான் சொல்றேன்.

எஃப்ஆர்எல்-இல் காட்டும் 6 கேஜி, பம்ப் நிற்கும்போது உள்ள கணக்கு. பம்பின் ஏர் இன்லெட்டிலேயே ஒரு T-இணைப்பு போட்டு கேஜ் மாட்டி, ஓடும்போது பாருங்க. 12 மி.மீ. பியூ டியூப்பின் உள்விட்டம் 8 மி.மீ. தான். 25 மீட்டருக்கு அதில் இழுத்தால் பம்பில் 2, 2.5 கேஜி வந்தாலே பெரிசு. 2 இன்ச் பம்புக்கு ஏர் இன்லெட் பொதுவா முக்கால் இன்ச். லைனும் முக்கால் இன்ச்சுக்குக் குறையக் கூடாது, இந்தத் தூரத்துக்கு 1 இன்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் இழுத்து, கடைசி ஒரு மீட்டர் மட்டும் முக்கால் இன்ச் ரப்பர் ஹோஸ் போடுங்க. ஹெச்பிக்கு 4 சிஎஃப்எம் என்று வைத்தால் உங்க கம்ப்ரஸர் 60 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காற்று). மெதுவா ஓட்டினால் தாராளமா போதும். முழு வேகத்தில் வேறு மெஷினும் சேர்ந்து இழுத்தால் போதாது.

ஐஸ் ஏன்னா, அழுத்தத்தில் இருக்கும் காற்று மஃப்ளரில் சட்டென்று விரியுது, விரியும்போது குளிருது. காற்றில் ஈரம் இருந்தால் அங்கேயே உறையும், வழி அடையும், பம்ப் நிற்கும். உருகினதும் ஓடும். நீங்க பார்க்கிறது அதேதான். வழி மூணு: ரிசீவர் டேங்கின் டிரெயினை ஒவ்வொரு ஷிப்டிலும் திறந்து தண்ணியை விடுங்க, கம்ப்ரஸருக்குப் பின்னால் ஏர் டிரையர் இருந்தால் பம்பை அந்த லைனில் சேருங்க, ஸ்ட்ரோக்கைக் குறைங்க. நிமிஷத்துக்கு 25 சைக்கிளில் ஓடும் பம்பில் ஐஸ் கட்டுவது அபூர்வம். இதுக்கு மேலயும் கட்டினால் மஃப்ளரைக் கழற்றி எக்ஸாஸ்ட் போர்ட்டை விடச் சின்னதா இல்லாத ஹோஸ் ஒன்றை மாட்டி, அதன் நுனியில் மஃப்ளரைப் போடுங்க. மஃப்ளர் இல்லாம வெறுமனே விடாதீங்க. சத்தம் காது தாங்காது, நிறுத்தி வச்ச நேரத்தில் குளவி கூடு கட்டி, அந்த மண் ஸ்பூலுக்குள் (காற்றைப் பக்கம் மாற்றி விடும் ஏர் வால்வின் தண்டு) போகும்.

இன்னொன்று. ஐஸ் உருக லூப்ரிகேட்டரில் டீசல், மண்ணெண்ணெய் ஊத்துற பழக்கம் பல இடத்தில் இருக்கு. கூடவே கூடாது. அழுத்தக் காற்றில் எரியக்கூடிய ஆவி கலந்து எக்ஸாஸ்ட்டில் அறைக்குள் வருது, ஸ்பூல் சீலும் வீங்கிச் சிக்கும். இப்போ வரும் பம்புகளில் பெரும்பாலானவை ஆயில் இல்லாமலே ஓடுற மாதிரி உள்ளே கிரீஸ் வைத்து வருது. உங்க மேனுவலில் அப்படி இருந்தால் லூப்ரிகேட்டரையே எடுத்துடுங்க. ஒருமுறை ஆயில் கொடுக்க ஆரம்பிச்சா அந்த கிரீஸ் கழுவிப் போயிடும், அப்புறம் ஆயிலை நிறுத்தவும் முடியாது.

கேள்வி கேட்டவர் | ஷிப்ட்_ஆபரேட்டர்

அளந்து பார்த்தாச்சு சார். தண்ணியில் 200 லிட்டருக்கு 45 சைக்கிள். ஸ்லட்ஜில் முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 80 சைக்கிள், டிரம் நிரம்ப 200 சைக்கிள், ரெண்டரை நிமிஷம். 25 சைக்கிளில் ஓட்டினா 55 சைக்கிளில் நிரம்பிடுச்சு, ரெண்டே கால் நிமிஷம்கூட ஆகலை!

மெதுவா ஓட்டும்போதுதான் இன்னொன்று தெரிஞ்சது. ஒரு 'புஸ்' உடனே வருது, அடுத்தது தாமதமா வருது. ரெண்டும் ஒரே சீராக இல்லை. அது என்ன? டயாஃப்ரம் மாட்டும் முறையையும் யாராவது சொன்னா நல்லது, எங்க ஃபிட்டர் போல்ட்டை இறுக்கிறதோட சரி.

பதில் 3 | ஸ்லரி_சார்

உங்கள் கணக்கே சொல்லிவிட்டது. முழு வேகத்தில் ஒரு சைக்கிளுக்கு 1 லிட்டர், மெதுவாக ஓட்டினால் 3.6 லிட்டர், தண்ணீரில் 4.4. முழு வேகத்தில் செலவாகும் காற்றில் பெரும்பகுதி டயாஃப்ரமைக் கிழிக்க மட்டுமே போகிறது.

இனி சக்‌ஷன். பச்சை ஹோஸ் உள்ளிழுப்பில் நசுங்கும், வெளியே பார்த்தால் தெரியாது. கம்பிச் சுருள் போட்ட சக்‌ஷன் ஹோஸ் வேண்டும். அளவு 3 இன்ச், பம்ப் வாயில் மட்டும் 3க்கு 2 ரெடியூசர். நீளத்தை 6 மீட்டரிலிருந்து எவ்வளவு குறைக்க முடியுமோ குறையுங்கள். இயன்றால் குழிக்குப் பக்கத்தில் ஒரு தாழ்வான மேடை கட்டி பம்பை இறக்குங்கள். திக்கனர் அடியிலிருந்து நேராக பம்புக்கு ஸ்லட்ஜ் தானாக இறங்கி வரும்படி லைன் போட்டால் இன்னும் நல்லது. அப்படி வைத்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள். மேலேயிருந்து வரும் அழுத்தம் 0.7 கேஜிக்கு, அதாவது 7 மீட்டர் உயரத்துக்கு மேல் போனால் டயாஃப்ரம் ஒரு பக்கமாக உப்பி ஆயுள் குறையும். எக்ஸாஸ்ட் ஹோஸின் நுனியைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் இரவில் டயாஃப்ரம் கிழிந்தால் மொத்தத் தொட்டியும் மஃப்ளர் வழியாகத் தரையில் இறங்கும்.

பதில் 4 | பாலும்_சீட்டும்

ஒரு புஸ் வேகம், ஒரு புஸ் தாமதம்னா நாலு பாலில் (சரக்கு திரும்பாம தடுக்கிற வால்வ் உருண்டை) ஒண்ணு அதன் சீட்டில் சரியா உட்காரலை. உங்க சரக்கில் முடியும் ஜவ்வும் வருதுன்னு சொல்லிட்டீங்க, வேற காரணம் தேடவே வேணாம். பால் சீட்டில் முடி சுத்தி நிக்கும். சக்‌ஷன் பால் கசிஞ்சா, தள்ளும் ஸ்ட்ரோக்கில் அந்தப் பக்கத்துச் சரக்கு பாதி திரும்பக் குழிக்கே போகும். எதிர்ப்பு இல்லாததால அந்த ஸ்ட்ரோக் சட்டுனு முடியும், சீக்கிரம் வர்ற புஸ் அது. டிஸ்சார்ஜ் பால் கசிஞ்சா அந்தப் பக்கம் இழுக்காது, மேலே போனதே திரும்ப உள்ளே வரும். டிஸ்சார்ஜ் மேனிஃபோல்டைக் (ரெண்டு பக்கத்தையும் சேர்க்கிற மேல் குழாய்) கழட்டினா மேல் பால் ரெண்டும் தெரியும், அதுலேர்ந்து ஆரம்பிங்க.

கழற்றும் முன்னாடி: மெயின் ஏர் வால்வை மூடி பூட்டு போடுங்க, பம்ப் பக்கத்தில் இருக்கிற ஏரை வெளியேத்துங்க, டிஸ்சார்ஜ் லைனில் டிரெயின் திறந்து அழுத்தம் முழுசா இறங்கட்டும். ஏரை மூடிட்டாலும் பிரஸ் பக்கம் 5, 6 கேஜி அப்படியே நிக்கும். அதை விடாம கிளாம்ப்பைத் தளர்த்தினா முகத்தில் அடிக்கும். அப்புறம் தண்ணி விட்டுக் கழுவுங்க. ஆசிட் ஊத்திக் கழுவாதீங்க. சுண்ணாம்புப் படிவம் போகட்டும்னு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விடுறாங்க. தோல் கழிவில் சல்ஃபைடு இருக்கும், ஆசிட் பட்டா ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். ஆளைச் சாய்க்கிற வாயு, கொஞ்சம் கூடினா மூக்குக்கு வாசனையே தெரியாது. அலுமினியம் பாடியையும் ஆசிட் தின்னும். படிவத்தை மரக்குச்சியாலயும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பராலயும் சுரண்டினாலே போதும்.

பால் அளவைப் பாருங்க. தேய்ஞ்சு சிறுத்த பால் சீட்டுக்குள்ளேயே இறங்கிச் சிக்கும். ஒரு இடத்தில் தட்டையாவோ, சுத்தி வெட்டுப்பட்டோ இருந்தா மாத்துங்க. சீட்டின் உள் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்க, ஒரு வாய்க்கால் மாதிரி தட்டினா அதையும் மாத்தணும். சீட் ஓ-ரிங் பழசைத் திரும்பப் போடாதீங்க, சக்‌ஷனில் காத்து இழுக்கிறதுக்கு பாதி நேரம் அதுதான் காரணம்.

டயாஃப்ரம் மாட்டுறப்ப கவனிக்க வேண்டியது:

ரெண்டையும் ஒண்ணா மாத்துங்க. ஒண்ணு கிழிஞ்சா மத்தது அதே எண்ணிக்கை ஓடி முடிச்சதுதான். டயாஃப்ரமில் 'ஏர் சைடு' குறி இருந்தா அது சென்டர் பாடியைப் பார்க்கணும். உள் தட்டு, வெளித் தட்டு ரெண்டுக்கும் ஒரு பக்கம் உருண்ட விளிம்பு, ஒரு பக்கம் கூர் விளிம்பு இருக்கும். உருண்ட விளிம்புதான் ரப்பரைத் தொடணும். தலைகீழா போட்டா தட்டே கத்தியா வேலை செய்யும், வட்டமான கிழிசல் அதனாலயும் வரும். அதனால பழைய செட்டைக் கழட்டும்போதே தட்டு எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னு ஃபிட்டரை ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்க. ஷாஃப்டில் கீறல் இருந்தா வழவழப்பு ஆக்காம போடாதீங்க, ஷாஃப்ட் சீல் போயிடும். ஷாஃப்டை வைஸில் நேரா பிடிக்காதீங்க, மரக்கட்டையோ அலுமினியத் தகடோ வைங்க.

ஒரு பக்கம் டயாஃப்ரம், தட்டு மாட்டி, ஷாஃப்டை நுழைச்சு, மறுபக்கம் திருகுங்க. டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குறோம்னு அளந்து காட்டுற ஸ்பேனர்) இல்லாம கைக்கணக்கில் இறுக்கிறது இங்கே ஒத்து வராது, தளர்ந்தா தட்டுக்கும் ரப்பருக்கும் நடுவில் சரக்கு நுழைஞ்சு அரைக்கும். அளவு உங்க பம்ப் மேனுவலில் இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். வெளி கவர் போல்ட்டை எதிரெதிரா, ரெண்டு மூணு சுத்தா ஏத்துங்க. ரப்பர் அமுங்கி உட்காரும், அதனால ஒரு நாள் ஓடினதும் ஏர் மூடி இன்னொரு முறை டார்க் பாருங்க. புது டயாஃப்ரம் போட்ட மறுநாள் ஓரத்தில் கசியுதுன்னா இதைச் செய்யாம விட்டது.

பதில் 5 | டெஃப்லான்_விசிறி

நைட்ரைல் தாங்கலைன்னா டெஃப்லான் டயாஃப்ரம் போடலாமே? எந்தக் கெமிக்கலும் ஒண்ணும் பண்ணாது.

பதில் 6 | ஸ்லரி_சார்

இங்கே கெமிக்கல் பிரச்சினை இல்லை. டெஃப்லான் விறைப்பானது, வளையும் தூரம் குறைவு, அதனால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு வரும் அளவும், வறண்ட நிலையில் இழுக்கும் உயரமும் குறையும். சக்‌ஷனே குறையாக இருக்கும் இடத்தில் அது எரியும் வீட்டில் எண்ணெய். நைட்ரைல் தொடரட்டும். அரைக்கும் சரக்குக்கும் மடங்கும் ஆயுளுக்கும் சான்டோபிரீன் (ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக்) நல்ல தேர்வு. ஈபிடிஎம் ரப்பர் வேண்டாம், தோலிலிருந்து வரும் கொழுப்பு அதை வீங்க வைக்கும்.

ஆனால் பாடியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்புத் தொட்டி நீர் தனியாக, பிஹெச் 11, 12இல் இந்தப் பம்புக்கு வருகிறதா? வந்தால் அலுமினியம் நிற்காது, பிஹெச் 9க்கு மேல் அது கரையத் தொடங்கும். சேம்பருக்குள் வெள்ளைப் பொடியும் குழியும் தெரிந்தால் அதுதான். நியூட்ரலைஸ் ஆகி 8, 8.5இல் வந்தால் ஓரளவு ஓடும், ஆனாலும் உப்பு வேறு நிறைய இருக்கிறது. அடுத்த பம்ப் வாங்கும்போது பாலிப்ரொப்பலீன் பாடி கேளுங்கள். பிளாஸ்டிக் பாடியில் ஏர் 7 கேஜிக்கு மேல் போகக் கூடாது. உங்களுக்கு அவ்வளவு தேவையும் இல்லை.

கேள்வி கேட்டவர் | ஷிப்ட்_ஆபரேட்டர்

ஸ்லட்ஜ் குழிக்கு நேராவே சுண்ணாம்புத் தண்ணி சில நேரம் விடுறாங்க. பாடியைத் திறந்து பார்க்கிறேன். முடிக்கு என்ன வழி? பிரஸ்ஸை எப்படி ஏத்தணும்? இப்போ ஆரம்பத்திலேயே 6 கேஜி வைக்கிறோம்.

பதில் 7 | கேக்_மாஸ்டர்

ஆரம்பத்திலேயே 6 கேஜி வைத்தால் முதல் சில நிமிடத்திலேயே நுண்ணிய துகள் துணிக்குள் அறைந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் வழியாது, எவ்வளவு நேரம் ஓட்டினாலும் நடுவில் கூழாகவே இருக்கும். பிரஸ்ஸின் ஹைட்ராலிக் பூட்டு அழுத்தம் ஏறிவிட்டதா என்று பார்த்தபின், பம்ப் ஏரை 1.5, 2 கேஜியில் வையுங்கள். நிமிடத்துக்கு 20 சைக்கிள். சேம்பர் நிரம்ப ஐந்தாறு நிமிடம் ஆகும், முதலில் கலங்கலாக வரும் வடிநீர் அதற்குள் தெளியும். தெளிந்ததும் கால் மணிக்கு ஒருமுறை அரை கேஜி, ஒரு கேஜி என்று ஏற்றி 5, 5.5 வரை போங்கள். இந்த வகை பம்பில் எவ்வளவு ஏரோ அவ்வளவுதான் தள்ளும் அழுத்தம், அதற்கு மேல் ஏறாது. பிரஸ்ஸுக்கு ரிலீஃப் வால்வ் (அழுத்தம் மிஞ்சினால் திறந்து விடும் வால்வ்) இல்லாமல்கூட இதை வைப்பது இதற்காகத்தான்.

கடைசியில் பம்ப் தானாகவே மெதுவாகும். நிமிடத்துக்கு ஒரு ஸ்ட்ரோக் அளவுக்கு வந்தால் கேக் ரெடி. அந்த நேரத்தில் பம்ப் அசையாமல் நிற்கும்போது மஃப்ளரில் காற்று தொடர்ந்து சீறினால் ஸ்பூல் சீல் அல்லது ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. நல்ல பம்ப் நிற்கும்போது சத்தம் போடாது. டிஸ்சார்ஜில் காற்றுக்குமிழி, மஃப்ளரில் ஸ்லட்ஜ் ஈரம், இந்த இரண்டில் எது வந்தாலும் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். உடனே நிறுத்தினால் ஸ்பூல் தப்பும், ஷிப்ட் முடியட்டும் என்று ஓட்டினால் ஏர் வால்வ் முழுவதையும் கழற்றிக் கழுவ வேண்டும்.

முடிக்கு, குழிக்கு முன்னால் 5 மி.மீ. இடைவெளிச் சல்லடை போடுங்கள். 2 இன்ச் பால் டைப் பம்ப் பொதுவாக 6 மி.மீ. துகளைத்தான் விழுங்கும், நீள முடியை விழுங்காது. ஜவ்வு அதிகம் என்றால் ஃபிளாப் வால்வ் மாடல் (பாலுக்குப் பதில் மடங்கித் திறக்கும் கதவு) இருக்கிறது, பைப் அளவுக்குச் சமமான கட்டியையே கடத்தும். அதில் சக்‌ஷன் மேலே, டிஸ்சார்ஜ் கீழே, படிவதும் தங்காது. பைப்பிங்கை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் முதலில் சல்லடையை முயலுங்கள்.

பேட்ச் முடிந்ததும் ஐந்து நிமிடம் சுத்தத் தண்ணீரில் ஓட்டி, கீழ் மேனிஃபோல்டின் டிரெயினைத் திறந்து வடியுங்கள். சுண்ணாம்பு ஸ்லட்ஜ் ஒரு ராத்திரி நின்றால் சிமென்ட் மாதிரி இறுகும், காலையில் பம்ப் ஏரை வாங்கும், அசையாது.

பதில் 8 | பாலும்_சீட்டும்

கையிருப்புக்கு: டயாஃப்ரம் 2, பால் 4, சீட் 4, சீட் ஓ-ரிங் ரெண்டு செட், ஏர் வால்வ் சீல் கிட் 1, மஃப்ளர் 1. வேற எதுவும் வாங்கி வைக்க வேணாம். பம்பின் ரெண்டு வாயிலும் அரை மீட்டராவது ஃபிளெக்ஸிபிள் ஹோஸ் இருக்கான்னு பாருங்க, இரும்பு பைப்பை நேரா திருகி வச்சிருந்தா அந்த அதிர்வில் மேனிஃபோல்டு போல்ட் தளரும், பிளாஸ்டிக் பாடின்னா வாயே வெடிக்கும்.